வேர்தின்னி

1885இல் ஃப்ராங்க் என்ற ஜெர்மானியர், காட்டு மரங்களின் வேர்நுனியைப் பூஞ்சை ஓர் உறைபோல மூடியிருப்பதைப் பார்த்து மைக்கோரைசா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் பூஞ்சைக்கான சொல்லையும் வேருக்கான சொல்லையும் ஒட்டிவிட்டார். அவர் பெயரிட்டது பூஞ்சைக்கு அல்ல, வேருக்கும் அல்ல. இரண்டும் கூடிய இடத்துக்கு. எனக்கு இது பெரிய காரியமாகப் படுகிறது.

பின்னால் வந்தவர்கள் எந்தப் பூஞ்சை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நெல், சோளம் போன்றவற்றின் வேருக்குள் நுழைந்து வாழும் பூஞ்சைகளை அங்கே வைத்து இனம் பிரிப்பது கஷ்டம். ஒன்றைப்போலவே மற்றதும் கிளைக்கிறது. ஆகவே மண்ணைத் தண்ணீரில் கலக்கி, சல்லடைகளில் வடித்து, தனித்துக் கிடக்கும் வித்துக்களைப் பொறுக்குகிறார்கள். நசுக்கி, சுவர் எத்தனை அடுக்கு, என்ன நிறம், அயோடின் கரைசலில் சிவக்கிறதா என்று பார்க்கிறார்கள். நண்பர் ஒருவரின் மைக்ராஸ்கோப்பில் நானும் பார்த்தேன். மஞ்சளாக ஓர் உருண்டை, அவ்வளவுதான்.

உறவில் தெரியாத அடையாளம் தனிமையில் தெரிகிறது. வகைப்படுத்துகிறவனுக்கு இது சௌகரியம். ஆனால் அந்த வித்து முளைத்து ஒரு வேரைத் தொடாவிட்டால் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும். தனக்கு வேண்டிய கொழுப்பைக்கூடச் செடியிடமிருந்தே பெறுகிறது என்று 2017இல் நிரூபணமாயிற்று. தனித்து இருக்க முடியாத ஒன்றை அதன் தனிமையை வைத்து அறிவது அறிதல்தானா?

வேருக்குள்ளேயே பார்த்துப் பெயர் வைத்தாலும் ஆபத்து இருக்கிறது. 1896இல் தான்ழார் என்ற பிரெஞ்சுக்காரர் பாப்ளர் மரவேரில் ஒரு பூஞ்சையைக் கண்டு, நோய் என்றே கருதி, ரைசோஃபேகஸ் என்றார். வேர்தின்னி. 2010இல் டி.என்.ஏ.வை வைத்து இனங்களை மாற்றியடுக்கியபோது, முந்திய பெயருக்கே உரிமை என்ற விதிப்படி அது திரும்ப எடுக்கப்பட்டது. செடிக்குப் பாஸ்பரஸ் கொண்டுவந்து கொடுக்கிற, ஆய்வுக்கூடங்களில் அதிகம் வளர்க்கப்படுகிற இனம், இன்று வேர்தின்னி. 2014இல் சிலர் மாற்ற முயன்றார்கள். அவதூறு என்பதால் அல்ல. தான்ழார் பார்த்தது எதை என்று நிச்சயமில்லை என்பதால்.

நானும் இன்னொருவரும் சேர்ந்து நாலு வருஷம் ஒரு பத்திரிகை நடத்தினோம். பிரிந்த பிறகு எது யார் எழுதியது என்று கேட்கிறார்கள். என் பதில்களிலெல்லாம் அவர் தின்றவராகவும் நான் ஊட்டியவனாகவுமே வருகிறோம் என்பதை, அந்த மஞ்சள் உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். அவரும் எங்காவது இதையே, ஆளை மட்டும் மாற்றி, சொல்லிக்கொண்டிருக்கலாம். தலையங்கங்களில் நாங்கள் பெயர் போட்டுக்கொண்டதில்லை. போன வாரம் பழைய இதழ்களை எடுத்துப் படித்தேன். இரண்டு மூன்று வாக்கியங்கள் தவிர, எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.