ஆறு நாள் கணக்கைப் பிள்ளைகள் தலையில் ஏற்றாதீர்கள்

அனுமந்தன்பட்டியிலும் இராயப்பன்பட்டியிலும் மறைக்கல்வி எடுப்பவர்களே, கம்பம், போடி, தேனி சபைகளில் ஞாயிறு பள்ளி நடத்தும் அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உலகம் இருபத்துநாலு மணி நேர நாள்கள் ஆறில் முடிந்தது, அதற்கு வயது ஆறாயிரம், இதை நம்பாதவன் விசுவாசி இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்வதை இந்த வாரமே நிறுத்துங்கள்.

ஆறாயிரம் என்ற எண் வேதத்தில் எங்கும் இல்லை. 1650-இல் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், வேதத்து வம்ச அட்டவணைகளின் வயதுகளைக் கூட்டி, படைப்பு கி.மு. 4004-இல் நடந்தது என்று எழுதினார். அவர் காலத்துக்கு அது நேர்மையான உழைப்பு. ஆனால் மனிதன் போட்ட கணக்கு அது. அதை இறைவாக்கு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆதியாகமம் என்னும் தொடக்க நூலையே பொறுமையாக வாசியுங்கள். முதல் அதிகாரத்தில் ஒளியும் மாலையும் காலையும் முதல் நாளே வந்துவிடுகின்றன. கதிரவன் நான்காம் நாள்தான் வருகிறான். அங்கே விலங்குகளுக்குப் பிறகு ஆணும் பெண்ணும். இரண்டாம் அதிகாரத்திலோ முதலில் மனிதன், பிறகு தோட்டம், பிறகு விலங்குகள், கடைசியில் பெண். எழுத்துக்கு எழுத்து எடுத்தால் இரண்டில் எதைத் தள்ளுவீர்கள்? இது டார்வினுக்குப் பின் கிளம்பிய குதர்க்கமும் அல்ல. சூரியன் இல்லாமல் மாலை ஏது, காலை ஏது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜன் கேட்டுவிட்டார். வானத்தையும் பூமியையும் பற்றிக் கிறிஸ்தவர் பிழையாகப் பேசினால், அந்தப் பிழையைக் கண்டவர்கள் உயிர்த்தெழுதலைப் பற்றி அவர் சொல்வதை எப்படி நம்புவார்கள் என்று அகுஸ்தீனார் கவலைப்பட்டார்.

அந்தக் கவலை இன்று நம் வாசலில் நிற்கிறது. நம் தேனி மாவட்டப் பொட்டிபுரம் மலைக்குள், நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அது வேண்டுமா வேண்டாமா என்பது ஊர்க்காரர்களின் வாழ்க்கைப் பிரச்சினை. அதைத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் ஆய்வகத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தால் இந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்கு நியூட்ரினோ என்றால் தெரியும். அந்த மலையின் சார்னோக்கைட் பாறை உருவாகி ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்பதையும் அவர்கள் படித்துக்கொள்வார்கள். 1987 பிப்ரவரியில் ஒரு விண்மீன் வெடித்த ஒளி பூமிக்கு வந்தது. அதன் நியூட்ரினோக்கள் ஜப்பானில் நிலத்தடித் தொட்டி ஒன்றில் பிடிபட்டன. அந்த விண்மீன் இருந்த தொலைவு சுமார் 1,68,000 ஒளியாண்டு. அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி அத்தனை ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். உலகுக்கு வயது ஆறாயிரம்தான் என்றால், விண்மீனின் நடக்காத சாவுக்குக் கடவுள் பொய்ச்சாட்சி அனுப்பினார் என்றாகிறது. அவர் மகிமையைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அவரையே பொய்யராக்குகிறோம். என்னால் இதைத் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை இயற்பியல் வாத்தியார் சொல்வதும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொல்வதும் மோதும்போது, பதினாலு வயதுப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்? பெரும்பாலும் யாரிடமும் கேட்காது. சத்தமில்லாமல் ஒன்றை விட்டுவிடும். படிப்பில் ஆர்வத்தை, அல்லது கோயிலை. கேட்கும் பிள்ளையை, இது சாத்தானின் பேச்சு என்று அடக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பிரபஞ்சம் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து விரிந்தது என்று 1931-இல் முன்வைத்த ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு என்று சொல்லிக்கொடுங்கள். பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதியதையும் மறைக்காதீர்கள்.

எழுத்துக்கு எழுத்து பிடித்தே ஆக வேண்டும் என்றால், தொடக்க நூல் முதல் அதிகாரம் இருபத்தேழாம் வசனத்தைப் பிடியுங்கள். மனிதர் எல்லாரும் கடவுளின் சாயல் என்கிறது அது. தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறை வைத்திருக்கும் பங்குகள் உண்டு. ஆறு நாளுக்காகக் குரல் உயர்த்துகிறவர்கள் அந்தக் கல்லறைகளைப் பிரிக்கும் சுவருக்கு முன்னால் ஏன் வாய் திறப்பதில்லை? வரும் ஞாயிறு வகுப்பை இந்த வசனத்தில் தொடங்குங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளையும் கலந்து, ஒரே பாயில் உட்கார வைத்துத் தொடங்குங்கள்.