ஓட்ஸ் குடிக்கும் நேரம்

புரட்டாதி, இரண்டாம் சனி

அப்பிளைத் துருவத் தொடங்கி நாலு இழுப்பு இழுக்கமுன்னமே கோப்பையின் அடியில் தண்ணீர் கட்டிவிடுகிறது. மக்கின்ரோஷ் அப்பிள். ஒரு கன்னம் சிவப்பு, மறு கன்னம் பச்சை. சதை நல்ல வெள்ளை, நகம் பட்டாலே கன்றிப்போகும். அப்பிளின் எடையில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர்தான். போன சனிக்கிழமை முழுவதும் அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டினேன்.

பேத்திக்கு ஆறு வயது. மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பாடசாலை இடைவேளைக்குக் கொண்டுபோக ஏதாவது வேண்டும், அதையும் தானே செய்ய வேண்டும் என்பது அவள் நிபந்தனை. அடுப்பருகே வரக் கூடாது என்பது என் நிபந்தனை. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த வழிதான் இந்த உருண்டை. ஒன்றரைப் பேணி ஓட்ஸ், பத்துப் பேரீச்சம்பழம், துருவிய அப்பிள் இரண்டு, அரைப் பேணி பூசணி விதை, ஒரு தேக்கரண்டி கறுவாத் தூள், ஒரு சிட்டிகை உப்பு. இருபது உருண்டை வரும்.

போன கிழமை துருவிய அப்பிளைப் பிழியாமல் போட்டேன். கலவை கூழாகக் கிடந்தது. பொறுமையில்லாமல் இன்னும் ஒரு பேணி ஓட்ஸைக் கொட்டிக் குழைத்து உருட்டினேன். கையில் அழகாகத்தான் திரண்டது. அடுத்த நாள் பிரிட்ஜிலிருந்து எடுத்துக் கடித்தால் காய்ந்த பிட்டு மாதிரி உதிர்ந்தது. பேத்தி ஒன்றும் சொல்லாமல் கடைவாயில் வைத்து மென்றாள்.

இரவு படுத்திருக்கும்போதுதான் பிழை விளங்கியது. ஓட்ஸ் மெதுவாகக் குடிக்கும். நான் பார்த்த நேரத்தில் அது குடிக்கத் தொடங்கியிருக்கவே இல்லை. அதற்குள் குடிக்கிற வாய்களை நான் இன்னும் கூட்டிவிட்டேன்.

இன்று அப்பிளை வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தேன். அரைக் கிளாஸ் சாறு வந்தது. அது அவளுக்கு. கலவையைத் தட்டால் மூடி முக்கால் மணி நேரம் தொடாமல் விட்டேன். பிறகு ஒரு பிடி எடுத்து அமத்தினேன். விரல்ரேகை அப்படியே பதிந்தது. உள்ளங்கையில் உருட்டினால் வெடிப்பும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. இவ்வளவு நாளும் சமைக்கிறவள் நான், ஒரு பண்டத்துக்கு நேரத்தை மட்டும் கொடுத்துவிட்டு விலகி நின்றது எத்தனை தரம் என்று யோசித்தேன்.

திங்கள் இரவு

அம்மா இருந்திருந்தால் எள்ளுப்பாகுதான் இடித்திருப்பார். கறுத்த எள்ளைக் கழுவிக் காயவைத்து வறுத்து, வறுத்த உழுத்தம்மாவும் சர்க்கரையும் சேர்த்து உரலில் இடிப்பார். இடிக்க இடிக்க எள் தானாக எண்ணெய் விடும். உலக்கைப் பூண் மினுங்கத் தொடங்கும்போதுதான் கையில் எடுத்துப் பிடிக்கலாம். நான் பெரியபிள்ளையானபோது நாளுக்கு ஒன்று என்று கணக்காகத் தந்தார். அந்த மணம் இன்னும் எனக்கு அம்மாவின் உள்ளங்கையின் மணம்.

அதை இங்கே பாடசாலைப் பெட்டியில் வைக்க முடியாது. பேத்தியின் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு எள் ஒவ்வாது. கச்சான், மரமுந்திரிகை, பாதாம் ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்று வருடத் தொடக்கத்திலேயே கடிதம் வந்தது. ஒன்ராறியோவில் இதற்கென்று ஒரு சட்டமே உண்டு. பாடசாலையில் சாப்பிட்டது ஒவ்வாமல், 2003இல் சப்ரினா ஷனன் என்ற 13 வயதுப் பிள்ளை இறந்துபோனது. அதன் பிறகு தாயும் சேர்ந்து பாடுபட்டு வந்த சட்டம் 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சட்டத்துக்கு அந்தப் பிள்ளையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இதை வீண் கெடுபிடி என்று சலித்துக்கொள்பவர்களைக் கண்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னொருத்தியின் பிள்ளை மூச்சுத் திணறாமல் இருக்க என் பிள்ளையின் உருண்டையில் எள் இல்லாமல் போனால் போகட்டும்.

ஆகவே பூசணி விதை. இந்த மாதம் கடைவாசல் எங்கும் பூசணிக்காய்தான் குவிந்து கிடக்கிறது. அதை வெட்டி எடுக்கும் விதைக்கு வெள்ளையாகத் தடித்த ஓடு உண்டு. கடையில் பச்சையாக, மெல்லியதாக விற்பது ஓடு நீக்கிய விதை, அல்லது ஓடு கட்டாத வேறு இனத்தின் விதை. அதை அப்படியே போடலாம். முன்பல் இல்லாதவளுக்காக நான் சற்றுக் கொத்திப் போடுகிறேன்.

நவராத்திரி, ஐந்தாம் நாள்

சாமிப் படத்துக்கு முன்னால் அவலும் கடலையும் வைத்தேன். பக்கத்தில் ஒரு தட்டில் அப்பிள் உருண்டை. ஊரில் வாணி விழாவுக்கு அவல் குழைப்பதுதான் எங்களுக்கு முதலில் பழக்கிய வேலை. அவலைக் கழுவி, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டு, வாழைப்பழத்தைப் பிசைந்து வைத்துவிட்டு, "தொடாதேங்கோ, ஊறட்டும்" என்பார் அம்மா. அப்போதும் கை பரபரக்கத்தான் செய்தது.

அவலையும் ஓட்ஸையும் இன்று பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். இரண்டும் தட்டையாக்கிய தானியம். நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்தால் அவல். ஓட்ஸை ஆலையில் ஆவியில் அவித்து உருளையில் நசுக்கினால் இந்தச் சீவல். அடுப்பே இல்லாமல் செய்தது என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். நெருப்பு எங்களுக்கு முன்னமே வந்து தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறது.

இது சும்மா நினைத்துப் பார்க்கும் விஷயம் மட்டும் இல்லை. அடுப்பில் வைக்காத பிஸ்கட் என்று பச்சைக் கோதுமை மாவைக் குழைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பச்சை மாவில் கிருமி இருக்கலாம். ஈ.கோலை கலந்த மாவைக் கனடாவில் 2017இல் கடைகளிலிருந்து மீளப் பெற்றார்கள். எங்கள் குசினியில் பச்சை மா என்று ஒன்று கிடையாது. கோதுமை மா என்றால் அவித்து அரித்து வைப்பார்கள், அரிசி மா என்றால் வறுத்து வைப்பார்கள். ஏன் என்று யாரும் எனக்கு விளக்கியதில்லை. செய்யச் சொன்னார்கள், செய்தோம்.

புரட்டாதி, கடைசி வெள்ளி

கறுவா வாங்கினேன். இங்கே பெரிய கடைகளில் கறுவா என்று விற்பது பெரும்பாலும் கசியா. தடித்த பட்டை, ஒரே சுருள், கையால் முறிக்க முடியாது. எங்கள் நாட்டுக் கறுவா கடதாசி மாதிரி மெல்லிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று சுருட்டியது. இரண்டு விரலால் நெரித்தாலே பொடிப்பொடியாகும். கசியாவில் கூமரின் என்றொரு பொருள் அதிகம். அளவுக்கு மீறினால் ஈரலுக்குக் கூடாது. இருபது உருண்டைக்கு ஒரு தேக்கரண்டி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் நாளும் சாப்பிடுகிற சின்ன உடம்பு. மெல்லியதையே வாங்கினேன்.

பேத்தி தூளை முகர்ந்துவிட்டு, "இது ஃபோல் வாசம் அம்மம்மா" என்றாள். இலையுதிர்கால வாசமாம். அவளுக்கு அப்படித்தான் இருக்கும். இந்த மாதம் கோப்பிக் கடை, சோப்பு, மெழுகுதிரி எல்லாம் இதே வாசம். கறுவாவும் சாதிக்காயும் கராம்பும் இஞ்சியும் சேர்ந்த வாசம். இலை உதிராத நாடுகளில் விளைந்த பட்டையும் காயும் மொட்டும் கிழங்கும் அவை. கறுவாவுக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எங்கள் தீவில் அடிபட்டார்கள். யாழ்ப்பாணத்து மண்ணில் அது விளையாது, தெற்கின் ஈரக் கரைகளில் விளைவது. எங்கள் வீட்டுக்கே அது வெளியூர்ப் பொருளாகத்தான் வந்தது. அதனால் இது என் வாசம் என்று அவளிடம் சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய குளிர்காலத்துக்கு முந்திய நாட்களின் வாசமாக அது இருக்கட்டும்.

நன்றி நவிலல் விடுமுறை, திங்கள்

மகள் ஒரு பை பச்சைக் கிரான்பெரி கொண்டுவந்தாள். மஸ்கோகா பக்கம் பாலா என்ற ஊரில், இந்த மாதம் வயலில் தண்ணீர் கட்டி இதை அறுவடை செய்வார்கள். பழம் தானாக மிதந்து மேலே வரும். ஏன் மிதக்கிறது என்று பேத்திக்குக் காட்ட ஒன்றைக் குறுக்கே வெட்டினேன். உள்ளே நாலு வெற்றறை, ஒவ்வொன்றின் சுவரிலும் கடுகு போல விதை. "நாலு அறை வீடு" என்றாள். நாங்கள் இருக்கும் நிலக்கீழ் வீட்டில் இரண்டுதான்.

காய்ந்த கிரான்பெரியைச் சீனி சேர்த்துத்தான் விற்கிறார்கள். அவ்வளவு புளிப்பு அதற்கு. பச்சையை நுணுக்கி இரண்டு கரண்டி கலந்தேன். இடைக்கிடை நாக்கில் ஒரு சுள்ளென்ற புளிப்பு. பேரீச்சம்பழத்தின் தித்திப்பு அதற்குப் பிறகுதான் வாயில் எடுபட்டது.

அதே இரவு

ஊரில் இந்தப் பருவத்தின் பழம் பனம்பழம். இரவில் தொம்மென்று விழும், விடியமுன் போய்ப் பொறுக்குவோம். தோலை உரித்துத் தண்ணீர் தெளித்துப் பினைந்தால் களி இறங்கும். அந்தக் களியைப் பந்தலில் விரித்த பாயில் பரவிக் காயவிடுவார்கள். காய்ந்த படைக்கு மேல் மறுபடியும் களி, அதற்கு மேல் இன்னொரு படை. நாட்கணக்கில் வெயிலும் காற்றும் வேலை செய்து பனாட்டு ஆகும். மாரி இறங்கமுன் எடுத்துவிட வேண்டும். அம்மம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வெட்டி ஓலைப்பெட்டியில் அடுக்கினால் வருடம் முழுவதற்கும் காணும். அடுப்பில்லாத பழப்பண்டம் இங்கே வந்து நான் கற்றதென்று நினைத்திருந்தேன். அது கிணற்றடியில் காய்ந்துகொண்டு இருந்திருக்கிறது.

இந்த ஊரிலும் அதே கதைதான் நடந்திருக்கிறது. கதரின் பார் ட்ரெயில் என்ற பெண் 1832இல் கப்பலேறி வந்து ஒன்ராறியோக் காட்டில் குடியேறினார். புதிதாக வரும் பெண்களுக்கென்று 1850களில் ஒரு கைநூல் எழுதினார். அதில் அப்பிளைச் சீவி நூலில் கோத்துத் தொங்கவிட்டு உலர்த்தும் முறையும் இருக்கிறது. வந்த நாட்டின் குளிருக்குப் பயந்த ஒருத்தி, பிறகு வரப்போகிறவர்களுக்குச் சொல்லிவைத்த குறிப்பு. ஒரு தமக்கை எழுதிய கடிதம்போல அதை வாசித்தேன்.

மக்கின்ரோஷ் அப்பிளின் கதையையும் எழுதிவைக்கிறேன். ஜோன் மக்கின்ரோஷ் என்பவர் 1811இல் கிழக்கு ஒன்ராறியோவின் டண்டேலாவில் காடு வெட்டும்போது தானாய் முளைத்த சில அப்பிள் கன்றுகளைக் கண்டு எடுத்து நட்டார். தப்பியது ஒன்று. அப்பிள் விதை தாய்மரத்தின் பழத்தைத் தராது, ஒட்டுப் போட்டுத்தான் பெருக்க வேண்டும். ஆகவே என் கோப்பையில் கிடக்கும் ஒவ்வொரு மக்கின்ரோஷும் அந்த ஒரே மரத்தின் கொப்பில் காய்த்ததுதான். 1894இல் வீடு தீப்பிடித்தபோது அருகில் நின்ற அந்த மரமும் கருகியது. பிறகும் 1908 வரை காய்த்தது. 1910இல் விழுந்தது.

ஊரில் போர்க்காலத்தில் ஷெல் பட்டுத் தலை போன பனைகளை நான் பார்த்திருக்கிறேன். பனைக்குக் குருத்து ஒன்றுதான், போனால் போனதுதான்.

ஐப்பசி, முதல் கிழமை

வீட்டுக்காரருக்குச் சீனி வருத்தம். "சீனி போடாத உருண்டைதானே" என்று மூன்றை எடுத்துவிட்டார். உட்காரவைத்துக் கணக்குச் சொன்னேன். பெரிய மெட்ஜூல் பேரீச்சம்பழம் ஒன்றில் ஏறக்குறைய 16 கிராம் சர்க்கரைச் சத்து, அதாவது நாலு தேக்கரண்டிச் சீனி. பத்துப் பழத்தில் இருபது உருண்டை என்றால் ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி. நார்ச்சத்து இருப்பதால் இரத்தத்தில் சற்று மெதுவாக ஏறும், ஏறாமல் விடாது. பிள்ளையின் பல்லிலும் இது ஒட்டும், அவளும் வாய் கொப்பளிக்க வேண்டும். ஆரோக்கியமானது என்று ஒரு பெயரை வைத்துவிட்டு அளவை மறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவருக்கென்று பழத்தைப் பாதியாகக் குறைத்துத் தனியாகச் செய்தேன். ஒட்டுப் போதவில்லை. ஆளிவிதைத் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் வைத்தேன். முட்டை வெள்ளைபோல வழுவழுப்பாக வந்தது. அதைச் சேர்த்ததும் பிடித்துக்கொண்டது. இனிப்பு மட்டுத்தான். கறுவாவும் துருவிய இஞ்சியும் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, "காணும்" என்றார்.

ஐப்பசி, இரண்டாம் சனி

யன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம் முக்கால்வாசி வெறுமையாகிவிட்டது. இன்று எல்லாவற்றையும் பேத்தியே செய்தாள். கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தை முள்ளுக்கரண்டியால் மசித்தாள். துணியில் கட்டிய அப்பிளை இரண்டு கையாலும் முறுக்கினாள், முழங்கைவரை சாறு வழிந்தது. எலுமிச்சம்புளி நாலு துளி விட்டால் அப்பிள் பழுப்பாகாது என்று நான் சொல்லமுன்னமே பாதியை எடுத்துப் பிழிந்துவிட்டாள். குழைத்துத் தட்டால் மூடினாள்.

பிறகு தட்டின்மேல் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"குடிக்குது அம்மம்மா. கேக்குது."

நானும் குனிந்து காதை வைத்தேன். தட்டின் குளிர் பட்டது. இரண்டு பேரும் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தோம், அவளுடைய மூச்சு என் கன்னத்தில் கறுவாவாக மணத்தது.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

தட்டை ஒரு பக்கமாகத் தூக்கி, சுண்டுவிரலால் கலவையை அமத்திப் பார்த்தாள். விரல் எடுத்த குழியில் ஈரம் மெல்ல ஊறி நின்றது.

"இல்லை, இன்னும் குடிக்கட்டும்" என்று திரும்ப மூடினாள்.