வட்டமும் சதுரமும்

நூம்பலில் எங்கள் தெருமுனை லேபில் காலை ஆறரைக்கே கூட்டம் சேர்ந்துவிடும். அத்தனை பேரும் வெறும் வயிறு, அதனால் யாருக்கும் பொறுமை கிடையாது. ரத்தம் எடுக்கிற பெண் சாம்பல் மூடிக் குழாயில் கொஞ்சம், ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் பிடிப்பாள். சாம்பலில் அன்றைய சர்க்கரை தெரியும், ஊதாவில் மூன்று மாதக் கணக்கு. முந்தின ராத்திரி ரெண்டு கோதுமை தோசையோடு எழுந்துகொள்ளும் நம் சாமர்த்தியம் சாம்பல் மூடியிடம்தான் பலிக்கும். ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் சர்க்கரை ஒட்டினால், அந்தச் சிவப்பணு சாகும்வரை, கிட்டத்தட்ட 120 நாள், அது போகாது. ஊதாக் குழாய் எண்ணுவது அதைத்தான்.

சர்க்கரை வாயைக் கட்டாதவனுக்கு வரும் வியாதி என்றுதான் எங்கள் வீட்டில் வெகுகாலம் பேச்சு. சித்தப்பா பையனுக்குப் பத்தொன்பது வயதில் வந்தபோது அவன் ஒடிந்து விழுகிற மாதிரி ஒல்லி. இருந்தும் பழி சித்தி மேல்தான் விழுந்தது. பால்கோவா கொடுத்தே கெடுத்தாளாம். ஒன்பது வருஷம் அவன் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டான்.

பிறகு ஒரு டாக்டர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டு, கேஸ் ஷீட்டின் பின்பக்கம் படம் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சர்க்கரை இருந்தால் உள்ளே பேனாவால் கறுப்பு. தாத்தா கறுப்பு, சித்தப்பா கறுப்பு, பையன் கறுப்பு. என் அப்பா வெள்ளை. (எனக்கு ஐம்பதுக்கு மேல் வந்தது வேறு, ஊரோடு ஒத்து வந்தது.) அத்தையின் வட்டத்தில் டாக்டர் கேள்விக்குறி போட்டார். அத்தைக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள், அதனால் யாரும் வாய் திறக்கவில்லை.

ஜீன் பரிசோதனையில் எச்என்எஃப்1ஏ என்று வந்தது. கணையத்து பீட்டா செல்லுக்குள் மற்ற ஜீன்களை வேலை வாங்கும் மேஸ்திரி மாதிரியான புரதம் அது. மேஸ்திரி சரியில்லை, ஆனால் இன்சுலின் தீர்ந்துபோகவில்லை. அந்தச் செல்லின் சுவரில் இருக்கும் பொட்டாசியக் கதவை மூடினால் இன்சுலின் வெளியே வரும். அதை மூடும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரை பல காலமாகக் கடையில் கிடைப்பது, விலையும் சொற்பம். பையனின் ஊசி நின்றது. சித்தி அன்று அழுதாள். ஊசி நின்றதற்கா, பால்கோவாவுக்கா என்று நான் கேட்கவில்லை.

இந்த வகைக்கு மோடி என்று சுருக்கப் பெயர். அரசியல் ஒன்றுமில்லை. இளம் வயதில் வரும், தலைமுறை தாண்டாமல் வரும், பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 2018-இல் டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், அமெரிக்காவின் ஜெனென்டெக், பெங்களூரின் மெட்ஜீனோம் மூன்றும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. 289 பேரின் ஜீன்களைப் படித்தார்கள், அதில் 152 பேர் மோடி என்று கணிக்கப்பட்டவர்கள். பீட்டா செல் பீட்டா செல்லாக உருவாகத் தேவையான என்கேஎக்ஸ்6-1 என்ற புரதத்தின் ஜீனிலும் பழுது இருந்தால் மோடி வரலாம் என்று அதில் தெரிந்தது.

மூன்று நிறுவனம் கைகோத்தது என்று செய்தி போடுவது சுலபம். நான் யோசிப்பது நான்காவது கையை, ரத்தம் கொடுக்க நீண்ட கையை. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும், ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்க முடியும் என்று கணக்குப் போட்டு வரைபடமே தந்துவிட்டார்கள். உலகில் எங்கே புதிய புரத வடிவம் கண்டாலும் இன்றும் அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். மடிப்பைக் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அந்தப் புரதம் பழுதானால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பதை அந்த வீட்டார்தான் சொல்ல வேண்டும். ஒழுங்காக வேலை செய்கிற மேஸ்திரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவன் வராத நாளில்தான் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று தெரிகிறது. புரதங்களைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு, அவை யாரோ ஒருவர் உடம்பில் தவறியதால் அறிந்தது. அந்த யாரோ ஒருவர் தன் கையை நீட்டியதோடு தன் வீட்டு உண்மையையும் சொல்லியிருக்கிறார். கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் வராது. வரவும் கூடாது, பெண் பார்க்க வருகிறவர்களும் படிக்கக்கூடுமே.

போன மாதம் அத்தையை லேபுக்குக் கூட்டிப் போனேன். அவள் பேத்திக்குப் பன்னிரண்டு வயது, ஒரு வாரமாக ராத்திரியில் தண்ணீர் கேட்டு எழுந்திருக்கிறாள். அத்தை ஊதாக் குழாய் நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை வருஷமா சுகர் இருக்கு பாட்டி?”

எங்களிடமெல்லாம் “பத்து வருஷமா” என்பதுதான் அவள் வழக்கம். கேட்ட பெண்ணை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“கல்யாணத்துக்கு முந்தியே. இருபத்திரண்டு வயசுல.”

அந்தப் பெண் பேனாவை எடுத்தாள்.