கருவியும் காண்போனும்

காணுதல் என்பது யாது? கண்ணெதிரே தோன்றுவதைப் பதிந்துகொள்வது மாத்திரமே காணுதலாயின், மனிதனிலும் கருவியே சிறந்த காண்போன் என்பதில் ஐயமில்லை. கருவி களைப்பறியாது, சலிப்பறியாது. அவ்வாறாயின் காணும் பணியில் மனிதனுக்குரிய இடம் யாது? ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தின் வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்குத் துணைபுரிகின்றது.

1973ஆம் ஆண்டு மே 14ஆம் திகதி ஐக்கிய அமெரிக்கா ஏவிய இந்நிலையத்தில், சூரியனை ஆராய்வதற்கென எட்டுக் கருவிகளைக் கொண்ட தொலைகாட்டித் தொகுதி அமைந்திருந்தது. புவியின் வளிமண்டலம் தடுத்துவிடும் எக்ஸ் கதிர்களையும் ஊதாக்கடந்த கதிர்களையும் அது பதிவுசெய்தது. மும்மூவராக மூன்று குழுவினர் முறையே 28, 59, 84 நாட்கள் அங்கு தங்கினர். நிலையத்துக்கு வெளியே சென்று படச்சுருள்களை மாற்றியவர்களும் அவர்களே.

மூன்றாம் குழுவினரின் நாட்களைத் தரையிலிருந்தோர் வகுத்த அட்டவணை இடைவெளியின்றி நிரப்பியது. வேலைகள் பின்தங்கின, தவறுகள் நேர்ந்தன. 1973 டிசம்பர் இறுதியில் அவர்கள் தமது நிலையை வெளிப்படையாக எடுத்துரைத்தனர். அதன்பின் உணவுக்கும் ஓய்வுக்குமுரிய நேரம் அவர்கட்கே விடப்பட்டது; சிறுபணிகளைத் தம் வசதிப்படி செய்யவும் இடமளிக்கப்பட்டது. வேலை குன்றவில்லை, மாறாகச் சிறப்புற்றது. 1974 ஜனவரி 21ஆம் திகதி, சூரியப் பௌதிகவியலாளரான எட்வேட் கிப்சன் சூரியனின் கிளர்ச்சிமிக்க பகுதியொன்றைப் பொறுமையுடன் கண்காணித்திருந்து, சுவாலையொன்றின் பிறப்பைப் பதிவுசெய்தார். படச்சுருளோ அளவானது. அதனை எப்போது செலவிடுவது, எப்போது பொறுத்திருப்பது என்பதைத் தீர்மானித்தது மனித மதியே.

2010இல் ஏவப்பட்ட ஆளில்லாச் சூரிய ஆய்வுகலம் சில விநாடிகளுக்கொரு முறை சூரியனைப் படம்பிடிக்கின்றதே, இனிக் காத்திருக்கும் மனிதன் எதற்கு எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. பதிவுசெய்யும் தொழிலில் மனிதன் கருவிக்குத் தோற்றுவிட்டான். ஆயினும் குவியும் படங்களுள் எது பொருளுடையது, எதை ஏன் தேடவேண்டும் என்னும் வினாக்களைக் கருவி தானே எழுப்புவதில்லை.

மனிதனை ஒருபோதும் வெறும் சாதனமாக மாத்திரம் கொள்ளலாகாது என்பது ஜேர்மன் மெய்யியலாளர் காண்ட் வகுத்த அறநெறி. அதனை மீறுவது அறத்துக்கு மாத்திரமன்றி அறிவுக்கும் கேடாகும் என்பதையே ஸ்கைலாப் உணர்த்துகின்றது. மனிதனைக் கருவியின் அளவுகோலால் அளந்து, ஓய்வையும் சிந்தனையையும் வீணெனக் கழித்துவிடின், எஞ்சுவது தரங்குறைந்த ஒரு கருவியே, காண்போன் அல்லன்.