வலியறிந்த கை

குழாய் சொட்டினால் வால்வை அடைத்து வாஷரை மாற்ற வீட்டுக்காரரே போதும். சுவரில் ஈரம் பூத்தாலோ, எல்லாக் குழாயும் மூடியிருந்தும் மேல்தொட்டி வடிந்தாலோ, பிளம்பரை அழைக்க வேண்டிய நேரம் அது.

அப்படி அழைப்பது தோல்வியா, அறமா?

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் ‘வலியறிதல்’; 52ஆவது ‘தெரிந்து வினையாடல்’. தன் வலிமையை அளந்த பிறகே, உரியவரிடம் வேலையை ஒப்படைக்கும் பேச்சு வருகிறது. ஆக, அழைப்பதும் தன்னறிவின் பகுதியே.

வீட்டைத் தாண்டியும் அப்படித்தான்: நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நீர் பேரழுத்தத்தோடு நிற்கிறது. பம்புகள் இரவுபகலாக அதை இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். அது வல்லுநர் வேலை.

ஆனால் அந்த வேலைக்கு நிலத்தை ஒப்படைப்பவரின் சம்மதமும் அறத்தில் சேர்ந்தது. 2023 ஜூலையில் நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில், சுரங்க நிறுவனத்தின் பரவனாற்றுக் கால்வாய்க்காக, பயிர் வளர்ந்துநின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. உழவர்கள் எதிர்த்தார்கள்.