புல்தரையும் அஹிம்சையும்

பகவானின் எண்பெருஞ் சிறப்புகளுள் ஒன்று அசோக மரம். ஆயின், நம் ஆலய வளாகங்களில் 'அசோகம்' என்று வரிசையாக நட்டு வைத்திருப்பது பெரும்பாலும் நெட்டிலிங்கமே. செம்மஞ்சள் பூங்கொத்துகளை விடும் உண்மையான அசோகம் வேறு. மரத்தையே மாற்றி நட்ட நாம், அதனை அண்டி வாழும் சிற்றுயிர்களை எங்ஙனம் எண்ணிப் பார்த்திருப்போம்?

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர் ஜினாலயத் திருப்பணியின்போது முன்வெளியை அழகுபடுத்த விரும்பினோம். தாமே முளைத்திருந்த எருக்கையும் ஆவாரையையும் நொச்சியையும் 'காடு' என்று களைந்துவிட்டு, விலைக்கு வாங்கிய புல்தரையை விரித்தோம். கோடையில் நாள்தோறும் நீர் பாய்ச்சினோம். கரையான் கண்டதும் மருந்து ஊற்றச் சொன்னதும் நாங்களே. மறுநாட் காலை தரிசனத்திற்குச் சென்றபோது, மண்புழுக்கள் மேலே வந்து மடிந்து கிடந்தன. இரவுணவைத் துறந்தும் நீரை வடிகட்டிப் பருகியும் எவற்றைக் காக்க முயல்கிறோமோ, அவற்றையே கோயில் வாயிலில் கொன்றிருந்தோம்.

மண்புழு ஈரறிவுயிர், எறும்பும் கரையானும் மூவறிவுயிர், வண்டு நாலறிவுயிர். இவை யாவும் இயங்குயிர்கள். புல்லோ ஓரறிவுடைய நிற்குயிர். ஓரறிவுயிரை அழகுக்காக வளர்க்க, அதனினும் மேம்பட்ட உயிர்களை மாய்த்தோம். ஸ்ரீ சமந்தபத்திராசாரியார் தம் இரத்தின கரண்டகத்தில், ஐவகை அநர்த்த தண்டங்களுள் ஒன்றாகப் பிரமாத சரியையைக் கூறுகிறார். பயனின்றி நிலத்தை அகழ்தலும், நீரை இறைத்தலும், செடிகொடிகளை அறுத்தலும் அதில் அடங்கும். உழவனின் ஏர்முனையில் நேரும் உயிர்க்கேடு வாழ்வின் பொருட்டு நேர்வது. எங்கள் புல்தரைக்கு அப்படி எப்பயனைக் காட்டுவது?

"அழகும் ஒரு பயனன்றோ?" என்பர் சிலர். மறுக்கவில்லை. ஆனால் ஆவாரம்பூவின் மஞ்சளில் என்ன குறை கண்டோம்? வறண்ட நிலத்தில் வானத்து நீரைக் கொண்டே பூப்பது அது. எருக்கிலையைத் தின்று ஒருவகை வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது. கறிவேப்பிலையைத் தின்று மற்றொன்று. இலையில் ஓட்டை விழுந்தால் செடி கெட்டதென்று பதறுகிறோம். ஓர் உயிர் உண்டு போன அடையாளம் அல்லவா அது!

புல்தரையை அகற்றிவிட்டோம். ஆவாரையும் நொச்சியும் திரும்பி வந்தன. கூடவே சீமைக்கருவேலமும் வந்தது. அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த மரம். உயர்நீதிமன்றம் 2017-ல் அகற்றுமாறு ஆணையிட்டது. தமிழக அரசும் 2022-ல் அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்தது. எனினும் அதற்கும் ஓரறிவு உண்டு. அயல்நாட்டில் பிறந்தது என்பதற்காக ஓர் உயிரை வெறுக்க அறநூல் இடந்தராது. அதன் நிழலில் பிற செடிகள் தழைக்காமற் போவதொன்றே நாங்கள் கொண்ட காரணம். ஆதலின், பூக்கும் முன்னரே கன்றுகளைக் கையால் பிடுங்குகிறோம், நஞ்சு இடுவதில்லை. இதில் வினை சேராது என்று சொல்லத் துணியோம்.

மதிலோரத்தில் அவ்வினத்துப் பெருமரம் ஒன்று நிற்கிறது. அதில் காகம் கூடு கட்டியிருக்கிறது. அதை வெட்டுவது பற்றி எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.