துணைக்காரணமும் இன்மையறிவும்

உயிர்களின் உடலுள் வைசுவானரன் என்னும் தீயாக நின்று உணவைச் செரிக்கச் செய்பவன் இறைவனே என்பது கீதையின் பதினைந்தாம் அத்தியாயம் கூறும் செய்தி. அந்நூலுக்கு மராத்தியில் பேருரை செய்த ஞானேசுவரர் 1296இல் சமாதியடைந்த ஆளந்தி புணேவை அடுத்துள்ளது. அதற்கு அணித்தேயுள்ள பிம்பிரியில்தான், 1954இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்னும் அரசு நிறுவனம் பெனிசிலின் தயாரித்தது. பெனிசிலின் குடும்பத்து அமாக்சிசிலினை, இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை ஒழிக்கத் தரும்போது, அமிலச் சுரப்பைத் தணிக்கும் மாத்திரையும் உடன் தரப்படுகிறது. தெய்வத்தன்மை ஏற்றிப் போற்றப்பட்ட தீயை மருந்தால் தணிப்பது தகுமா என்னும் வினா இங்கே எழுகிறது.

குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று பகுத்துக் காட்டும் சைவ சித்தாந்த முறையில் நோக்கினால், அமிலந்தணிப்பி துணைக்காரணமே ஆகும். அமிலம் மிக்க இடத்தில் பெருகாமல் ஒடுங்கியிருக்கும் கிருமி அமிலம் குறைந்ததும் பெருகத் தொடங்குகிறது. பெருகும் கிருமியையே அமாக்சிசிலின் கொல்ல வல்லது. பெரும்பாலும் பதினான்கு நாள் அளவில் நிகழும் இத்தணிப்பு, தீயை மறுப்பதாகாது.

துணைக்காரணங்களும் தம்முள் ஒரு தன்மையன அல்ல. ஒமிப்ரசோல், பான்டபிரசோல், ரபிப்ரசோல் ஆகிய புரோட்டான் பம்ப் தடுப்பிகள், அமிலத்தைச் சுரக்கும் பம்ப்புகளைப் பிணித்து நிறுத்துவன. அவற்றின் முழுப் பலன் கிட்டச் சில நாள் ஆகும். ஒமிப்ரசோலை ஈரல் நொதி ஒன்று சிலர் உடலில் பிறவியமைப்பாலேயே விரைந்து சிதைத்துவிடுகிறது. ரபிப்ரசோல் அந்நொதியை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. ஜப்பானில் உருவான வோனோபிரசானோ, பம்ப்பில் பொட்டாசியம் சேரும் இடத்தை மறித்து முதல் நாளிலேயே அமிலத்தை வலுவாக அடக்குகிறது. கிளாரித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படாத கிருமியிடத்து இதன் மேன்மை தெளிவாகத் தெரிந்தாலும், பொருந்தாத ஆன்டிபயாட்டிக்கைத் துணை மருந்தின் வலிமையால் ஈடுசெய்துவிடலாம் என்று கருதுவது தவறு. ஒப்பிடுகையில் அளக்க வேண்டியது அமிலம் குறைந்த அளவையன்று, கிருமி ஒழிந்ததா என்பதையே.

ஒழிந்தது என்பதை எவ்வாறு அறிவது? குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர், காணப்படாமையால் இன்மையை அறிவதை அனுபலப்தி என்னும் தனி அளவையாகக் கொண்டனர். சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரும் அளவைகளை எண்ணுமிடத்து அபாவம் என்னும் இன்மையைக் குறிப்பிடுகிறது. இருந்தால் தவறாது புலப்படும் என்னும் சூழலில் புலப்படாமையே இன்மைக்குச் சான்று; இருட்டறையில் குடம் தெரியாமை குடத்தின் இன்மையைக் காட்டாது. யூரியா மூச்சுச் சோதனை, நோயாளி உட்கொண்ட யூரியாவைக் கிருமியின் நொதி சிதைப்பதால் எழும் கரியமில வாயுவை மூச்சில் தேடுகிறது. தணிப்பியை உண்டுவரும் நாளிலோ கிருமி குன்றியிருப்பதால், உள்ள கிருமியையும் சோதனை இல்லை என்று சொல்லிவிடக்கூடும். அதனால் ஆன்டிபயாட்டிக்கை முடித்து நான்கு வாரமும், தணிப்பியை நிறுத்தி இரண்டு வாரமும் கழிந்த பின்னரே சோதிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. வலி நின்றதைக் கொண்டே கிருமி ஒழிந்தது எனத் துணிந்து சோதனையைக் கைவிடுவோர் மேற்கொள்வது போலி அனுமானம். வலியை நிறுத்தியது தணிப்பி மட்டுமாகவும் இருக்கலாம்.